காதுக்குள் ஒரு டர்போ

எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவைப் புதுசாகப் பூட்டிய வண்டியை முதல் இருபது நிமிஷம் யாரும் சீண்டக் கூடாது என்பது குழந்தைவேலுவின் பட்டறைச் சட்டம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கூடாது, ஏசி போடக் கூடாது, சும்மா கிடக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. தூளியில் போட்ட பிள்ளையைத் தூங்கவிடுவதுபோல எஞ்சினை அதன் போக்கில் மெல்ல ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். புது ஆயில் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும், சூடு சமமாகப் பரவ வேண்டும், அதற்கப்புறம் ஒரே ஒரு தரம் மிதித்து எஞ்சின் வேகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு ரோட்டில் விட வேண்டும். சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி போகிற ரோட்டில் இந்தச் சட்டத்தை அவர் யாருக்கும் தளர்த்தியதில்லை. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு என்று குதித்த கல்யாண மாப்பிள்ளையைக்கூட உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்த ஆள். ஆனால் இன்றைக்குக் காலை பதினொன்றே காலுக்கு எஞ்சினை எழுப்பிவிட்டு, கவிழ்த்த ஆயில் டின்மேல் உட்கார்ந்தவருக்கு, இந்த இருபது நிமிஷம் முடியாமலே போனால் தேவலை என்று இருந்தது. ஐம்பத்துநாலு வயசில் பயம் என்று சொல்லிக்கொள்ள வெட்கம், ஆனால் பயம்தான். பழைய பஸ் சீட்டைக் கழற்றிப் போட்ட பெஞ்சில் வண்டிக்காரி செவந்தி உட்கார்ந்திருந்தாள். கொல்லிமலை மேலே செம்மேட்டுக்காரி, வாடகை வண்டி ஓட்டுகிறவள், எழுபது கொண்டை ஊசி வளைவை வாரத்துக்கு ஆறு நாள் ஏறி இறங்குகிறவள். நாமக்கல் ஆஸ்பத்திரியில் ஒரு பச்சை உடம்புக்காரியும் ஒன்பது நாள் சிசுவும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு மணிக்கு அவர்களை ஏற்றினால்தான் வெயில் இறங்குமுன் மலைமேல் வீட்டில் சேர்க்க முடியும். எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதில் விழுகிற விசில் மட்டும் நிற்கவில்லை.

பழைய டர்போ செத்துக்கொண்டிருந்தது என்பதில் சந்தேகமே இல்லை, அதை அவர் கையே சொன்னது. கழற்றிச் சாக்கின்மேல் வைத்திருக்கிறார், தண்டைப் பிடித்து ஆட்டினால் விழப்போகிற பல் மாதிரி ஆடுகிறது, காற்றுக் குழாயில் விரலை விட்டால் விரல் முழுக்கக் கறுப்பு எண்ணெய். கைக்குப் பொய் சொல்லத் தெரியாது, கண்ணுக்குக்கூட அவ்வளவாகத் தெரியாது, காதுதான் இந்த உடம்பில் ஏமாற்றுக்காரப் பயல். ஆயில் வருகிற சின்னக் குழாயையும் புதுசாகப் போட்டாயிற்று, பழசில் மண்டி அடைத்திருந்தது, அடைப்பை விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாற்றுவது நோயை விட்டுவிட்டு நோயாளியை மாற்றுகிற கதை. புது டர்போவின் தொண்டையில் ஆயில் ஊற்றி, விரலால் சக்கரத்தைச் சுற்றி, வறண்ட தொண்டையோடு ஓடிவிடக் கூடாது என்று எஞ்சின் பிடிக்காமல் வெறுமனே சுற்றவிட்டு, திரும்பி வருகிற குழாயில் எண்ணெய் சொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உயிர் கொடுத்தார். கேஸ்கட் புதுசு, நட்டு ஒவ்வொன்றும் மூன்று தரம். கிளாம்ப்? கிளாம்ப் முறுக்கினேன். இன்டர்கூலர்? அதுதான் இடறுகிறது. பழைய டர்போ துப்பிய எண்ணெயெல்லாம் காற்றை ஆறவைக்கிற இன்டர்கூலரின் வயிற்றில் போய்த் தேங்கும், அதைக் கழுவாமல் பூட்டினால் எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சிக் குடித்துவிட்டு டீசலே வேண்டாம் என்று தன் பாட்டுக்கு ஓட ஆரம்பிக்கும். கழுவினேன், பெட்ரோல் விட்டு நாலு தரம் குலுக்கிக் கழுவினேன், நேற்று முழுக்கப் புளியமரத்துக் கிளையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டேன், கீழே வைத்த டப்பாவில் கடைசியாகச் சொட்டியது என்ன நிறம், தெளிவாகத்தான் சொட்டியது, தெளிவாக என்றால் எவ்வளவு தெளிவாக. இப்படி ஒரு சுற்றுச் சுற்றி மனசு மறுபடி விசிலில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. மெல்லிய விசில், கம்பி மாதிரி, வலது காதுக்குள் சற்று மேலே, எங்கேயோ தூரத்தில் யாரோ ஒருத்தர் மூச்சே விடாமல் ஊதுகிற மாதிரி.

அவர் எழுந்து நீளத் திருப்புளியை எடுத்தார். இரும்பு முனையை ஓடுகிற டர்போவின் உடம்பில் ஊன்றி, மரப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தினார். இதுதான் குழந்தைவேலுவின் ஸ்டெதாஸ்கோப். ராசிபுரத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் வண்டிகள் வருவது இந்தத் திருப்புளிக்காகத்தான், காதுக்கார மெக்கானிக் என்று பேர் வாங்கியதும் இதனால்தான். கேட்டார். எஞ்சினின் இரைச்சல் எலும்பு வழியாக மண்டைக்குள் இறங்கியது, அதற்கு மேலே விசில். திருப்புளியை எடுத்துவிட்டுக் கேட்டார், அதே விசில். பட்டறைச் சுவரில் ஊன்றிக் கேட்டார், சுவருக்குள்ளும் விசில். செவந்தி ஒரு மாதிரியாகப் பார்ப்பதை உணர்ந்து, பல்லி விரட்டுகிறவர் மாதிரிச் சுவரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினார். சுவரில் டர்போ கிடையாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். போன மாசம் தண்ணித் தொட்டியில் ஊன்றிக் கேட்டதும், பிள்ளையார் கோயில் மதிலில் ஊன்றிக் கேட்டு ஐயரிடம் மாட்டிக்கொண்டதும் மறக்கவில்லை. விசில் என் காதில்தான் இருக்கிறது, சரி, ஒத்துக்கொண்டாயிற்று. ஆனால் என் காதில் ஒன்று இருப்பதால் எஞ்சினில் ஒன்று இல்லை என்று ஆகிவிடுமா? இந்த விசிலின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு விசில் பதுங்கி உட்கார்ந்திருந்தால் அதை எப்படிக் கேட்பது? திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது நாயும் விடாமல் குரைத்துக்கொண்டே இருந்தால் நாய் இருந்து என்ன பிரயோஜனம்?

“அந்தப் பலகை எதுக்குங்கண்ணா?” என்றாள் செவந்தி.

டின் பக்கத்தில் சாத்தியிருந்த பலகையைத்தான் கேட்கிறாள். ஒரு சாண் சதுரம், ஒரு பக்கம் டயர் ரப்பர் ஒட்டியது.

“சும்மா ஒரு பாதுகாப்புக்கு வெச்சிருக்கறது. ஓடற எஞ்சின் நிக்கலீன்னா காத்து வர்ற வாயில இத வெச்சு அமுக்கிப் போடலாம். மூச்சடைச்சு நின்னு போகும்.”

“சாவிய ஆஃப் பண்ணினா நிக்காதுங்களா?”

“நிக்கும்.” பலகையை டின்னுக்கு இன்னும் கிட்டே நகர்த்தினார். “எப்பவாச்சும் ஒண்ணு நிக்காது.”

“முன்னயெல்லாம் இத நான் பாத்ததில்லீங்களே.”

“மூணு வருஷமா உள்ள வெச்சிருக்கறன்” என்று சொல்லிவிட்டு, ஏன்டா மூன்று வருஷம் என்று கணக்குச் சொன்னாய் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் போனை எடுத்து நேரம் பார்த்தாள். பதினொன்று இருபத்திரண்டு. ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.

மூன்று வருஷம். ஆடி மாசம், காற்று அப்படி அடித்த நாள், பட்டறைக் கூரைத் தகரம் ஒன்று கழன்று தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது, இதே இடத்தில்தான் காளியப்பன் வண்டியை நிறுத்தினான். செவந்தியின் புருஷன். ஆறடி ஆள், டீயைத் தவிர வேறெதுவும் குடிக்காதவன், மலையில் வண்டி ஓட்டுகிறவர்களில் இப்படி ஒருத்தனா என்று மற்ற டிரைவர்கள் கேலி பண்ணுவார்கள். ‘விசிலாட்டம் ஒண்ணு கேக்குதுங்கண்ணா, மேட்டுல ஏறறப்ப, பொடிசா, ஊசியாட்டம்’ என்றான். வேறு எந்த மெக்கானிக்கிடமும் அல்ல, அவரிடம் சொன்னான், அவரிடம் மட்டும் சொன்னான். அவரும் எஞ்சினைத் தூக்கச் சொல்லித் திருப்புளியை ஊன்றிக் கேட்டார். கேட்டாரா? கேட்டார், ஏனோதானோவென்று ஒன்றும் கேட்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு முழு மனசோடுதான் கேட்டார். ஒன்றும் இல்லை. இரைச்சல், இரைச்சல், தகரத்தின் தடதட, வேறொன்றும் இல்லை. அப்போது அவர் சொன்ன மூன்று வார்த்தைதான் இந்த மூன்று வருஷமாக அவரைத் தின்கிறது. ‘எனக்குக் கேக்கலையப்பா’ என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை, அதில் பாவம் இல்லை, அவன் வேறொருத்தனிடம் போய்க் காட்டியிருப்பான். அவரோ சிரித்துக்கொண்டு, ‘ஒண்ணுமில்ல, எடுத்துட்டுப் போடா’ என்றார். தனக்குக் கேட்காதது உலகத்திலேயே இல்லை என்று சொன்ன வாய் அது. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள், காதால் கேட்காததைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. காளியப்பன் தலையை ஆட்டிக்கொண்டு போனான். அன்றைக்கே நாற்பத்தொன்றாவது வளைவில் விழுந்தான்.

அந்த வளைவோரத்து டீக்கடைக்காரர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. மலையே விசிலடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் வெள்ளையாக ஒரு புகை, ரோடு தெரியாத அளவுக்குப் புகை, அதற்குள்ளிருந்து வண்டி வளைவில் திரும்பாமலே நேராகப் போனது என்றார். பாவை சிரித்துவிட்டாள் என்றார்கள் சிலர். கொல்லிப்பாவை சிரித்தால் கேட்டவன் பிழைக்க மாட்டான் என்று அந்த மலையில் இன்னும் சொல்கிறவர்கள் உண்டு. குடித்திருப்பான் என்றார்கள் வேறு சிலர், ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எல்லோருக்கும் புரியாமல் போனது ஒன்றுதான்: வண்டிச் சாவி அவன் கைக்குள் இருந்தது. விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம். ஓட்டிக்கொண்டிருக்கிறவன் எதற்குச் சாவியைப் பிடுங்குவான்? சாகப் போகிறவன்தான் பிடுங்குவான் என்று ஒருத்தன் அவர் பட்டறையிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னான், அவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. டர்போவின் சீல் உடைந்து எஞ்சின் தன் ஆயிலையே குடித்து ஓட ஆரம்பித்திருக்கிறது, சாவியைத் திருப்பியிருக்கிறான், நிற்கவில்லை, பதறிப்போய் உருவி எடுத்திருக்கிறான், உருவின உடனே ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த வண்டியின் காற்றுக் குழாயில் விரலை விட்டார், கறுப்பு எண்ணெய். வேட்டி முனையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த வேட்டியைத் துவைக்கப் போட்ட மனைவி மல்லிகா, ‘வேட்டியிலயா தொடைப்பீங்க’ என்று திட்டிக்கொண்டே கறையைத் தேய்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், அவர் ஒரு மனுஷனையே மறைத்தார். சிலுவம்பட்டிக் கோயில் நோன்புத் திருவிழா வரை பட்டறையைத் திறக்காமல் இருந்தார், உடம்பு சரியில்லை என்று சொன்னார், திறந்த அன்றைக்கு முதல் வண்டியின் பானட்டைத் தூக்கியபோது கேட்டது, வலது காதுக்குள், சற்று மேலே, பொடிசாக, ஊசி மாதிரி.

டாக்டர் அதற்கு ஒரு பேர் சொன்னார். சேலத்தில் பார்த்த டாக்டர், காதில் குழாயை மாட்டிவிட்டுச் சத்தம் கேட்டால் பித்தானை அழுத்துங்கள் என்றார், இவர் கேட்காததற்கெல்லாம் அழுத்தினார், கேட்டதற்கு அழுத்தவில்லை. முப்பது வருஷம் எஞ்சின் பக்கத்தில் இருந்தால் கீச்சென்ற சத்தங்கள் முதலில் போய்விடும், போன இடத்தில் மூளையே ஒரு விசிலை ஊதிக்கொள்ளும், காலியான வீட்டில் பேய் குடியேறுகிற மாதிரி என்று சிரித்தார் அந்த டாக்டர். நல்ல மனுஷர், தமாஷாகத்தான் சொன்னார். குழந்தைவேலு வேறொரு கணக்குப் போட்டார். அப்படியானால் காது முன்னாலேயே போயிருக்கிறது, காளியப்பன் வந்த அன்றைக்கே போயிருக்கிறது, அணில் கத்துவது எப்போது நின்றது, கொசு காதோரம் பாடுவது எப்போது நின்றது, கொசுவே இல்லை இந்த வருஷம் என்று நான் சொன்னபோது கையெல்லாம் தடித்திருந்ததே. மூன்று விசில் வந்தால் அடுப்பை நிறுத்துங்கள் என்று மல்லிகா சொல்லிவிட்டுக் கடைக்குப் போன அன்றைக்கு, பருப்பு கருகி வீடெல்லாம் நாறுகிறது, அவர் குக்கருக்கு நேர் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். ‘காதுல என்னத்தீங்க வெச்சிருக்கறீங்க’ என்றாள். என்னத்தை வைத்திருக்கிறேன் என்று சொல்லுவது? டாக்டர் சொன்ன பேரெல்லாம் சரி. ஆனால் ஒன்று மட்டும் டாக்டருக்குத் தெரியாது. இந்த விசில் ஏதோ ஒரு விசில் இல்லை, காளியப்பன் கேட்ட அதே விசில். அது எப்படித் தெரியும், அன்றைக்குத்தான் உனக்குக் கேட்கவில்லையே, கேட்காத சத்தத்தை அதேதான் என்று எப்படி அடையாளம் சொல்லுகிறாய் என்று மனசு மடக்கும். ஆனாலும் அதேதான். அவன் காதில் இருந்ததை அவன் கொண்டுபோகவில்லை, இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், நீங்களே கேட்டுக்கொண்டிருங்கள் அண்ணா என்று.

செவந்திக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எடுத்து, “வந்தர்றனுங்காத்தா, ஒரு மணிக்கெல்லாம் அங்கிருப்பன்” என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். “புதுசாப் போட்டாச்சுங்காத்தா. கொழந்தைக்கிக் காதுல துணி கட்டிக்கோங்க, மேல காத்தடிக்கும்.” வைத்துவிட்டு இவரைப் பார்த்தாள். பதினொன்று முப்பது. இன்னும் ஐந்து நிமிஷம்.

ஐந்து நிமிஷத்தில் எஞ்சினைத் தூக்க வேண்டும். மெல்ல ஓடும்போது டர்போ சோம்பேறி, சுற்றியும் சுற்றாமலும் கிடக்கும், அதன் நிஜக் குணம் மிதித்தால்தான் வெளியே வரும், நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலே போகும், அப்போதுதான் பேசும். நல்லது பேசுவது மூச்சு விடுகிற மாதிரி இருக்கும், கெட்டது பேசுவது ஊசி மாதிரி இருக்கும், அந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் அவருக்குக் காதுக்கார மெக்கானிக் என்று பேர். மூன்று வருஷமாக எப்படிச் சமாளித்தார்? கையால் சமாளித்தார், கண்ணால் சமாளித்தார், மூக்கால் சமாளித்தார், திருப்புளியை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டு உதட்டைப் பிதுக்கி நடித்தார், அதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் பயபக்தியோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள், இங்கே செவிடனே சங்கை வைத்துக்கொண்டு ஊர்கோலம் போனான். சந்தேகமாக இருந்தால் கழற்றிப் பார்த்துவிடுவார், தப்பில்லை, நஷ்டம் அவரோடு போகும். ஆனால் புதுசை எப்படிச் சந்தேகப்படுவது? பெட்டியிலிருந்து எடுத்த சாமான், ஆயிரத்தில் ஒன்று பெட்டிக்குள்ளேயே செத்துப் பிறந்திருக்கும், அதைக் காதுதான் சொல்ல வேண்டும். நான் சரியாகப் பூட்டினேனா என்பதையும் காதுதான் சொல்ல வேண்டும். பொறுப்பாகச் செய்திருக்கிறேன். அன்றைக்கும் பொறுப்பாகத்தான் கேட்டேன். சரி, மிதித்துப் பார்த்துவிட்டு, ஒண்ணுமில்ல எடுத்துட்டுப் போம்மா என்று சொன்னால் என்ன? வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதே வார்த்தை, அதே இடத்தில், அதே குடும்பத்திடம், நாக்கு பழகின தடத்தில் மாடு போகிற மாதிரிப் போகப் பார்த்தது. பின்சீட்டில் துணிக்குள் சுற்றின ஒன்பது நாள் சிசுவை அவர் பார்த்தார். பார்த்ததில்லை, ஆனால் பார்த்தார், காதைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது, நாற்பத்தொன்றாவது வளைவில் அது கண்ணைத் திறந்து அவரையே பார்த்தது. விசில் ஏறியது. இல்லை, ஏறவில்லை, எஞ்சின் அதே ஓட்டத்தில்தான் இருக்கிறது, இரத்தம்தான் காதில் அடிக்கிறது.

இருபது நிமிஷம் முடிந்தது. அவர் டின்னைவிட்டு எழுந்திருக்கவில்லை. இருபத்தொன்று ஆனது. இருபத்திரண்டு. செவந்தியே எழுந்து வந்து பானட் ஓரத்தில் நின்றாள்.

“நேரமாச்சுங்கண்ணா. மிதிக்கட்டுங்களா?”

“வேண்டாங்கண்ணு” என்றார். “நான் மிதிக்கறன். நீ கேளு.”

அவளுக்குப் புரியவில்லை. திருப்புளியை அவளிடம் நீட்டினார். எத்தனையோ வருஷமாக இன்னொருத்தர் கை படாத பிடி, அவர் கன்னத்து எண்ணெயால் கறுத்துப்போனது.

“நானுங்களா? எனக்கென்னத்தத் தெரியும்?”

“எனக்குக் கேக்காது செவந்தி. பொடி சத்தமெல்லாம் எனக்குக் கேக்கறதில்ல. ரொம்ப நாளாவே.” ஒருத்தருக்கும் சொல்லாதது, மல்லிகாவுக்குக்கூடச் சொல்லாதது, பகல் வெளிச்சத்தில் ஒரு வாடிக்கைக்காரியிடம் வந்து விழுந்துவிட்டது. இனி ராசிபுரமும் இல்லை, ஆத்தூரும் இல்லை. அது பெரிதாகத் தெரியவில்லை. “இங்க ஊன்று. பிடிய இந்த எலும்புல அமுக்கு. மூச்சு விடறாப்பல இருந்துச்சுன்னா நல்லது. ஊசியாட்டம் கீச்சுன்னு ஒண்ணு வந்துச்சுன்னா சொல்லிப்போடு.”

அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து மெல்ல மிதித்தார். திறந்த பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அவளுடைய ஒரு காதும் அதை அழுத்தின மரப்பிடியும் மட்டும் தெரிந்தன. எஞ்சின் எழுந்தது, முள் இரண்டாயிரத்தைத் தாண்டியது, இரண்டாயிரத்தைந்நூறு. அவர் காதுக்குள் இருந்த விசில் அசையாமல் அதே இடத்தில் நின்றது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அப்படியானால் இது என்னுடையதுதான், எஞ்சினோடு சேர்ந்து ஏறாதது எஞ்சினுடையதாக இருக்காது. அதுவரைக்கும் சரி. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அந்தக் காதுக்குத்தான் தெரியும். அவள் காது நகரவே இல்லை. கண்ணை மூடியிருக்கிறாளா என்று தெரியவில்லை. அவர் மிதித்த காலை எடுக்காமல் கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டார். கடைசியில் ஒரு கை மேலே வந்து போதும் என்று காட்டியது. காலை எடுத்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. சாவியைத் தொட்டதும் நின்றுவிட்ட அந்த அமைதியில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

“இல்லீங்கண்ணா” என்றாள் செவந்தி பக்கத்தில் வந்து. “மூச்சு விடறாப்பலதான் இருக்குது. கீச்சுன்னெல்லாம் ஒண்ணுமில்ல.”

“நல்லாக் கேட்டியா?”

“நல்லாக் கேட்டனுங்க.”

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், “அன்னிக்குக் காளியப்பன் இங்க வந்தான்” என்றார். “வந்து எங்கிட்ட...”

“தெரியுங்கண்ணா.”

தெரியும் என்றால் எது தெரியும், எவ்வளவு தெரியும், எப்போதிலிருந்து தெரியும்? அவள் திருப்புளியை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“காரவள்ளியில டீ குடிக்கறப்பப் போன் பண்ணுனாருங்க. விசில் கேக்குதுன்னு ஒரு வாரமாச் சொல்லிட்டே இருந்தாரு, அண்ணங்கிட்டக் காட்டினீங்களான்னு கேட்டனுங்க. காட்டிட்டன், அண்ணன் ஒண்ணுமில்லைனு சொல்லிட்டாரு, அவருக்குக் கேக்காதது ஒண்ணு இருக்குமா, என்னோட காதுதான் கெட்டுப்போச்சாட்ட இருக்குது, அடுத்த வாரம் சேலம் போயி டாக்டருகிட்டக் காட்டோணும்னாரு.” திருப்புளியை அவரிடம் நீட்டினாள். “அதுதாங்க அவரு கடைசியாப் பேசுனது.”

ரோட்டில் ஒரு கரும்பு லாரி போனது. மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, அதை அவரால் சொல்ல முடியவில்லை. இவ்வளவு பெரிய கடனுக்கு அவ்வளவு சின்னச் சொல்லை எப்படி நீட்டுவது. அவளும் திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெரிந்துகொண்டே மூன்று வருஷமாக இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், ஒவ்வொரு தரமும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது. இறங்கினார், பானட்டை மூடினார், முன்னால் சுற்றிப் போய் இடதுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

“மொதல்ல நாம ரெண்டு பேரும் வெறும் வண்டியில எழுவது வளைவும் ஏறி எறங்கி வந்தர்லாம்” என்றார். “அதுக்கப்பறம் அவங்கள ஏத்திக்க. ஏதாச்சும் ஆச்சுன்னா சாவியத் தொடாத, அடுத்த கியரப் போட்டு பிரேக்க ஏறி மிதி, நின்னு போகும். அவனுக்குச் சொல்லியிருக்கோணும்.”

செவந்தி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, வருவதற்கு மூன்று மணியாகும், வெயிலில் வெளியே வந்து நிற்க வேண்டாம் என்று சொன்னாள். சீட்டில் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். காரவள்ளி தாண்டி மலை முன்னால் வந்து நின்றதும், முதல் வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தாள்.

“கண்ணாடிய முழுசா எறக்கி விடுங்கண்ணா” என்றாள். “எனக்கு நல்லாக் கேக்கோணும்.”